நாறாத நார்

மித்தோ நகரில் பிப்ரவரி.
பிளம் மரங்கள் பூத்துவிட்டன,
குளிர்தான் இன்னும் வீட்டைக் காலி செய்யவில்லை.
ஆய்வகத்தின் மூன்றாவது மேசையில்
சயேகோ எபிசாவா
நேற்று விளைந்த நாட்டோவைத்
தண்ணீரில் அலசுகிறாள்.

அவித்த சோயா ஆறும்முன்பே
நுண்ணுயிரைத் தெளிக்க வேண்டும்.
அந்தச் சூட்டில் மற்றவை மடியும்.
இது மட்டும் தன் வித்துக்குள் சுருண்டு கிடந்து
பிறகு எழுந்து
இருபது மணி நேரம் நூற்கும்.
ராட்டை கிடையாது, பஞ்சு கிடையாது.
ஒரு குளுட்டாமிக் அமிலத்தின் பக்கவாட்டுக் கையை
அடுத்தது பிடிக்க
அதன் கையை அதற்கடுத்தது பிடிக்க
ஆயிரக்கணக்கில் ஒரே வரிசை.
ரேஷன் கடையில்கூட
இத்தனை ஒழுங்காய் யாரும் நின்றதில்லை.

வடித்ததில்
குளிர்ந்த எத்தனாலை ஊற்றுகிறாள்.
கலங்கல் ஒரு கணம் யோசிக்கிறது.
பிறகு வெள்ளையாய்த் திரண்டு
கண்ணாடிக் குச்சியில் சுற்றிக்கொள்கிறது,
நனைந்த பூனையின் ரோமம்போல.
கழுவுகிறாள்.
மறுபடி கழுவுகிறாள்.
ஏட்டில் எழுதுகிறாள்:
மாதிரி நாற்பத்தொன்று. நிறம் இல்லை. வாசனை இல்லை.
மேலாளர் ஓனிசாவா
சிவப்பு மையில் வட்டமிடுகிறார்.
அந்த ஊரில் வட்டம் என்றால் சரி.

வீட்டில் தொகுஜி.
இதயத்தில் உலோக வால்வு.
அது திறந்து மூடும் சத்தம்
இரவில் அவளுக்கும் கேட்கும்.
ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை.
மருத்துவர் நீட்டிய 'சாப்பிடக்கூடாதவை' தாளில்
முதல் வரியே நாட்டோ,
தடித்த எழுத்தில்.

ஐம்பத்திரண்டு வருடக் காலைகள்
ஒரு கையொப்பத்தில் முடிந்தன.
கடுகு விழுது, வெங்காயத்தாள்,
உண்கோல்களால் ஐம்பது சுற்று,
வாய்க்கும் கிண்ணத்துக்கும் நடுவே தொங்கும் இழையைக்
காற்றில் சுழற்றி அறுக்கும் அந்தக் கை
இப்போது ரொட்டியில் ஜாம் தடவுகிறது,
யாருடைய கையோபோல.

அதுவும் வெடித்த கை.
ஓஅராய் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிற கை.
விரல் மடிப்பில் கசிகிற ரத்தம்
நிற்பதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறது.

தோலில் பூசலாமா?
மருந்தகத்தில் இரண்டு முறை கேட்டாள்.
பூசலாம் என்றார்கள்.
சின்ன ஜாடியில் கொண்டுவந்தாள்.
தன்னைப்போல் பல மடங்கு தண்ணீரைப்
பிடித்து வைத்துக்கொள்ளும் நூல்.
இரண்டு வாரத்தில்
வெடிப்பின் ஓரங்கள் மெத்தென்று ஆயின.

அன்றுதான் கேட்டான்,
இது எதிலிருந்து?
சொன்னாள்.
கையை மூக்கருகே கொண்டுபோனான்.
புறங்கை, உள்ளங்கை, நகக்கண்.
"ஒன்றுமே வரவில்லையே" என்றான்,
பூட்டிய வீட்டு வாசலில்
பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தவன்போல.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்போம்.
இங்கே நாரைத் தனியாய் உருவிக்கொண்டு
பூவைச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறார்கள்.
எங்கள் பழந்தமிழில்
நாற்றம் என்றால் நறுமணம்.
நடுவில் எங்கோ
சொல் கெட்டதா
மூக்கு கெட்டதா
இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் சயேகோ
ஒரு முறை குறைவாய்க் கழுவினாள்.
மாதிரி நாற்பத்திரண்டு. லேசான வாசனை உண்டு.
ஓனிசாவா வட்டமிடவில்லை.
ஏன் என்று கேட்டார்.
தண்ணீர்க் குழாயில் கோளாறு என்றாள்.
கழித்துக் கட்டியதை
மதிய உணவுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு
போகிற வழியில்
மருந்தகத்தில் மூன்றாம் முறையாகக் கேட்டாள்.
மருந்தாளர் சிரித்துவிட்டார்.

இரவு.
விளக்கை அணைத்தாயிற்று.
வால்வு திறக்கிறது, மூடுகிறது.
பக்கத்தில் அவன் தூங்கவில்லை என்று
அவளுக்குத் தெரியும்.
இரண்டு உள்ளங்கையையும் குவித்து
முகத்தின் மேல் வைத்திருக்கிறான்,
கிண்ணம்போல.